கொங்கு வீட்டுச் சமையல்: யார் வீடு, யார் கை?

கோவையில் எந்தச் சாலையில் போனாலும் ‘கொங்கு வீட்டுச் சமையல்’ என்றொரு பலகை கண்ணில் படுகிறது. யூடியூபைத் திறந்தால் மண்சட்டி, அம்மிக்கல், விறகடுப்பு, வெள்ளை வேட்டி. அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுப் பருப்பு, செலவு ரசம், சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம், பள்ளிபாளையம் சிக்கன் என்று பட்டியல் நீள்கிறது. நல்ல சாப்பாடுதான். வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் வதங்கும் வாசனை நமக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பலகையில் எழுதியிருக்கும் ‘வீடு’ யாருடைய வீடு என்று கேட்டால் பந்தியில் திடீரென்று அமைதி வந்துவிடுகிறது. கொங்கு மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அருந்ததியர் வீடுகளிலும் பறையர் வீடுகளிலும் அடுப்பு எரியவில்லையா? அங்கே வெந்தது கொங்குச் சமையல் இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட முதலில் கிணற்றடிக்குப் போக வேண்டும்.

கொங்கு மழை மறைவு நிலம். மேற்கு மலை மழையைத் தடுத்துவிடுகிறது. கோவையில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருசம். காலிங்கராயன் வாய்க்கால் போன்ற ஆற்றுப் பாசனம் சில பகுதிகளுக்கு மட்டும்தான். மற்ற இடமெல்லாம் கிணறு. பாறையை உடைத்துத் தோண்டிய ஆழக் கிணறுகள். அதிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர ‘கவலை’ கட்டினார்கள். எருதுகள் சரிவான பாதையில் இறங்கி நடக்கும். வடக்கயிறு இழுபடும். கிணற்றுக்குள்ளிருந்து சால்பறி நிரம்பி மேலே வரும். அதன் தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். விடியும் முன் தொடங்கி வெயில் ஏறும் வரை இதே வேலை.

அந்தப் பறியும் வாலும் மாட்டுத்தோல். செத்த மாட்டை இழுத்துவந்து தோல் உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம் பட்டையில் பதப்படுத்தி, தண்ணீர் ஒழுகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் சக்கிலியர், மாதாரி என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர்கள். பறி கிழிந்தால் தோட்டம் காயும். பருவத்தில் ஒரு நாள் தைக்கத் தாமதமானால் பயிர் வாடும். கொங்கு வேளாண்மையின் புகழ் பாடும் நூல்களில் எருதுக்கு இடமுண்டு, காங்கயம் காளைக்குத் தனி அத்தியாயமே உண்டு. பறி தைத்தவருக்கு அரைப் பக்கம் கிடைத்தால் அதிசயம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செத்த மாட்டின் தோல் வழியாக வந்த தண்ணீர் தீட்டில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த கம்பும் சோளமும் ராகியும் தீட்டில்லை. அதே தோலைத் தைத்த கை மட்டும் தீட்டு. அந்தக் கை விளைச்சலைக் களத்தில் அடிக்கலாம், தூற்றலாம், மூட்டை கட்டித் தூக்கலாம். வாசல்படி வந்ததும் நிற்க வேண்டும். தானியம் படி தாண்டி உள்ளே போய்ச் சோறாக மாறிவிட்டால், அதன்பிறகு அந்தச் சோற்றை அந்தக் கை தொடக்கூடாது. கேரளத்து மணிப்பிரவாளத்திலோ காசி மடத்திலோ எழுதிவைத்த விதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் ஊர்ப் பண்ணையத்தில் தினமும் நடந்தது.

கூலி எப்படிக் கொடுத்தார்கள்? பண்ணையாளுக்கு வருசக் கணக்கு. தானியம் வள்ளத்தில் அளந்து போடுவார்கள். பெரும்பாலும் கம்பு, சோளம், ராகி. பிள்ளைகளை ஆடு மேய்க்க, மாடு மேய்க்கப் பண்ணையத்தில் விட்டால், முன்பணம் அப்பன் கைக்கு, பழைய சோறு பிள்ளை வயிற்றுக்கு. பெருமாள்முருகன் 2000இல் எழுதிய ‘கூளமாதாரி’ நாவலை இன்னும் படிக்காத தோழர்கள் இருந்தால் உடனே படியுங்கள். ஆடு மேய்க்கும் சக்கிலிப் பையன்களின் உலகம் அது. பசி அந்த நாவலில் ஒரு பாத்திரம் மாதிரி கூடவே நடந்து வரும். எழுதியவர் அந்தச் சாதியில் பிறந்தவரில்லை என்பதும், நம் வீட்டு அடுப்பைப் பற்றி நாமே எழுதியது இன்னும் போதவில்லை என்பதும் சேர்த்தே சொல்ல வேண்டிய செய்தி.

பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, 1972இல் கொங்குக் குடியானவர் சமூகம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வலங்கை, இடங்கை என்று சாதிகள் எப்படிப் பிரிந்து நின்றன, யார் யாரிடம் சோறு வாங்குவார்கள், யார் யாரிடம் வாங்க மாட்டார்கள் என்று விரிவாகப் பதிவு செய்தார். நாடு விடுதலை அடைந்து, அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, 1955இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்து பத்தாண்டு கழித்து நடந்த ஆய்வு அது. சட்டம் ஊருக்குள் வந்த வேகத்தை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் அடுப்புகளில் என்ன வெந்தது? கம்பங்கூழ், சோளக்களி, ராகிக்களி. வேலிக்காலில் பறித்த கீரை. மழை பெய்தால் நத்தை, ஈசல். வயல் நண்டு, எலி. ஊரில் கடா வெட்டினால் கறி ஊருக்கு, குடலும் தலையும் ரத்தமும் நமக்கு. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ரத்தப் பொரியல் செய்வதில் நம் பாட்டிமாரை மிஞ்ச ஆளில்லை. இன்று அதே ரத்தப் பொரியலும் குடல் கறியும் ‘கிராமத்துச் சுவை’ என்று ஓட்டல் பலகையில் ஏறிவிட்டன. யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் பலகையில் இருக்காது.

மாட்டுக்கறி ஏறவில்லை. அது இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறது. மாட்டுக்கறியை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளில் இரண்டு துண்டைக் கங்கில் சுட்டால் ஒரு சட்டிக் களியும் இறங்கும். கெட்டுப்போகாமல் மாதக்கணக்கில் புரதம் சேமிக்கும் அறிவு அது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் பிறந்த அறிவு.

ஆனாலும் இதையெல்லாம் வெறும் பெருமையாகப் பேசிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. செத்த மாட்டைத் தூக்குவது விருப்பத்தால் செய்த தொழிலில்லை, கட்டாயம். அதன் கறி கூலியின் ஒரு பகுதி மாதிரித் தரப்பட்டது. அதனால்தான் 1927இல் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளப் போன அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டுக்கறியை விடுங்கள், எச்சில் சோற்றுக்குக் கையேந்தாதீர்கள் என்று தம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். குடிநீர் உரிமையும் சோற்றின் மானமும் ஒரே மாநாட்டில் பேசப்பட்டன. மாட்டுக்கறி தின்பது நம் உரிமை என்று இன்று கல்லூரி விடுதியில் சண்டை போடும் தோழர்களும், அதை விட்டுவிடச் சொன்ன நம் தாத்தாக்களும் எதிரெதிர் அணி கிடையாது. அவர்கள் மறுத்தது வீசியெறியப்பட்டதை. நீங்கள் கேட்பது விரும்பியதைத் தின்னும் சுதந்திரத்தை.

பிறகு காலம் மாறியது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. மெல்ல மெல்லக் கிணற்றடியில் மோட்டார் உட்கார்ந்தது. கவலை நின்றது, சால்பறி வேலையும் நின்றது. 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் நெல் பரவியது. கம்பும் சோளமும் தின்ற மண்ணில் அரிசி அன்றாடச் சோறானது. இன்று ‘பாரம்பரியம்’ என்று நாம் கேட்கும் அரிசிம்பருப்பு, பல வீடுகளில் ஒரு காலத்தில் விசேசத்துக்கு மட்டும் செய்ததுதான். நெல்லங்காடு பெருகியதில் யாருக்கு நிலம் இருந்ததோ அவருக்கு லாபம். தோல் வேலை போனவர்களுக்கு மில்லில் பெரிய இடம் எதுவும் காத்திருக்கவில்லை. நகராட்சித் துடைப்பம் காத்திருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரவே 1976 ஆனது.

இந்த இடத்தில் ஈரோட்டுப் பெரியாரைப் பேசாமல் போக முடியாது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள் என்று 1920களின் நடுவில் வெடித்த போராட்டம் உங்களுக்குத் தெரியும். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் காங்கிரசுக்குள்ளேயே அதை எதிர்த்தார்கள். 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறிய பாதையில் அந்தப் பந்திக்கும் பங்குண்டு. தனிப் பந்தி அவமானம் என்று அன்று பார்ப்பனரல்லாதார் உணர்ந்தது சரியான உணர்வு. அந்த உணர்வின் பலனை அனுபவித்த ஆதிக்கச் சாதிகள், தங்கள் தோட்டத்துச் சாளையில் அருந்ததியருக்குக் கொட்டாங்குச்சியில் காப்பி ஊற்றியபோது அந்தப் பந்தி நினைவுக்கு வந்ததா? வந்ததாகத் தெரியவில்லை. பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ கட்டுரைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்தபோது, தலைப்பிலேயே கொட்டாங்குச்சிக் காப்பி வந்து உட்கார்ந்தது. டீக்கடைகள் வந்ததும் கொட்டாங்குச்சி தனிக் குவளையாக மாறியது. ஆதித்தமிழர் பேரவை, பெரியார் இயக்கங்கள், தீண்டாமை ஒழிப்பு முன்னணி என்று பலரும் ஊர் ஊராகப் போய் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது. சில கடைகளில் பிளாஸ்டிக் கப் வந்து சிக்கலைத் ‘தீர்த்தது’. எல்லாருக்கும் தூக்கிப்போடும் கப். சமத்துவம் மாதிரியே இருக்கும்.

இதேபோல ‘தெற்கத்திச் சமையல்’, ‘வீட்டுச் சமையல்’ என்ற பெயரில் பெருமை பேசப்படும் இன்னொரு தெற்கு உலகில் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்கள். பொரித்த கோழி, சோள ரொட்டி, வெண்டைக்காய்க் குழம்பு. வெண்டையே அடிமைக் கப்பல் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே போனதுதான். அந்தச் சமையலை உருவாக்கியதில் பெரும்பங்கு அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு. புகழ் வெள்ளை எசமானியம்மாள்களின் சமையல் புத்தகங்களுக்குப் போனது. 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆப்பி ஃபிஷர் என்ற கறுப்பினப் பெண்மணி தெற்கத்திச் சமையல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். ஆனால் நூலின் தலைப்பில் அவர் பெயர் இருந்தது, இது அவருக்குத் தெரிந்த சமையல் என்று சொல்லியது. அந்த ஒரு வரிக்காகவே அவரை நமக்குப் பிடிக்கும்.

அங்கும் இங்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்கத் தெற்கில் கறுப்புக் கை சமைத்ததை வெள்ளை வாய் தயங்காமல் தின்றது. பக்கத்தில் உட்கார்ந்து தின்ன மட்டும் விடவில்லை. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேசையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள், கொடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஜூலை 25இல் கடை பணிந்தபோது முதலில் அந்த மேசையில் பரிமாறப்பட்டது அதே கடையின் கறுப்பின ஊழியர்களுக்கு. கொங்கில் சண்டை இன்னும் ஓரடி உள்ளே தொடங்குகிறது. இங்கே பக்கத்தில் உட்காருவது பிறகு வருகிற கதை. நம் கை சமைக்கவே கூடாது என்பதுதான் முதல் விதி. வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் கறுப்பினப் பெண் அடிமையாக நின்றாள். கவுண்டர் வீட்டுச் சமையலறையில் நம் பாட்டி நின்றதே இல்லை. இரண்டில் எது மோசம் என்று போட்டி நடத்துவது நம் வேலையில்லை. ஆனால் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் பள்ளிக்கூடச் சமையலறை ஏன் இத்தனை பேருக்கு எரிச்சலூட்டுகிறது என்று புரியும்.

ஏனென்றால் கொங்கு வரலாற்றில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரு தலித் பெண் சமைத்துப் போட வழி வந்த முதல் பெரிய சமையலறை அதுதான். 1920இல் நீதிக்கட்சிக் காலத்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவி, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமானது. ஊருக்கு ஊர் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு வேலை வந்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமையலர் உதவியாளர் நியமனத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து தின்பதால் மட்டும் போதாது, யார் ஆக்கிப் போடுகிறார் என்பதும் மாற வேண்டும் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்ட உத்தரவு அது.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஓர் அருந்ததியர் சமையலர் மாற்றலாகி வந்தார். பல ஆண்டுகள் சத்துணவில் சமைத்த அனுபவம் அவருக்கு. அவர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியில் திரண்டார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் என்ன செய்தார் தெரியுமா? மிரட்டியவர்களை விட்டுவிட்டுச் சமையலரைப் பழைய இடத்துக்கே மாற்றினார். ‘பிரச்சினை வேண்டாம்’ என்ற நிர்வாக மொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அமைப்புகள் தெருவில் இறங்கின. மாற்றல் ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 80க்கு மேற்பட்டவர்கள் மீது வழக்குப் பதிவானது. அந்த அம்மா திரும்பி அதே பள்ளியில் அடுப்பைப் பற்றவைத்தார்.

வழக்கு ஏழு ஆண்டுக்கு மேல் நடந்தது. விசாரணைக்கு வந்தது 35 பேர். இடையில் நான்கு பேர் இறந்துபோனார்கள். 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது, 25 பேரை விடுவித்தது. ஒரு பெண் சோறாக்கியதற்காக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்து வெளியேறும் காலம் வரை வாய்தா வாய்தாவாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார். ஆறு பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் சமையலறைத் தீண்டாமைக்குச் சிறை உண்டு என்று கொங்கு மண்ணில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படி நடந்தால் சமாதானக் கூட்டத்துக்குப் போகும் முன் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

ஏனென்றால் மறுபடியும் நடக்கிறது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. விரிந்த சில நாளிலேயே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் தலித் பெண் சமைத்த உப்புமாவும் பொங்கலும் வேண்டாம் என்று பெற்றோர் சிலர் மறுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், வழக்குப் பாயும் என்று எச்சரித்தார். ஆட்சியர் சாப்பிட்டது நல்லதுதான். எல்லாப் பள்ளிக்கும் தினமும் ஓர் ஆட்சியர் வந்து சாப்பிட முடியாது என்பதுதான் சிக்கல்.

நாம் வேறொரு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாகு பாடோளே 2015இல் மராத்தியில் ஒரு நூல் எழுதினார், 2024இல் அது ஆங்கிலத்தில் வந்தது. எண்ணெயும் தேங்காயும் வாங்க முடியாத வீட்டில் குழம்புக்கு ருசி எப்படி வந்தது, எந்தப் பாகத்துக் கறிக்கு என்ன பெயர் என்றெல்லாம் தன் வீட்டிலிருந்தே எழுதினார். கொங்குக்கு அப்படியொரு நூல் வேண்டும். அதை எழுதப் பேராசிரியர் யாரும் தேவையில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பாட்டியிடம், பெரியம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். உப்புக்கண்டத்தை எத்தனை நாள் காயவைப்பீர்கள், மழை வந்தால் எங்கே தொங்கவிடுவீர்கள், ரத்தம் உறைய என்ன போடுவீர்கள், சோளக்களிக்குத் தொட்டுக்க என்ன. சால்பறி தைத்த ஊசி வீட்டில் கிடக்கிறதா என்று பரணில் தேடிப் பாருங்கள். சொன்னதைச் செல்போனில் பதிவு செய்து, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பேருக்கு அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்குவத்தின் மேலும் எந்த ஊர், எந்த வருசம், அப்போது பண்ணையத்தில் கூலி எத்தனை வள்ளம் என்பதையும் எழுதிவையுங்கள்.